பழுதடைந்த இருதயத்துக்கு ஒட்டுப் போடலாமா?

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் கல்லூரி மண்டபத்தில் ஒழுங்கு செய்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த உரையை நாங்கள் இருவர் சேர்ந்து தயாரித்தோம். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. ஒருவர் இன்று இருதய நோய் வைத்தியராக நோயாளரைப் பார்க்கிறார். மற்றவர் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இழையப் பொறியியல் துறையில் வேலை செய்கிறார். ஆகவே முழுவதும் ‘நாங்கள்’ என்றே பேசுவோம். எங்கள் இருவரின் விலங்கியல் கொப்பிகளையும் பிரித்தறிய முடியாமல் ரீச்சர் பட்ட பாடு இந்த மண்டபத்தில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

செயலாளர் எமக்கு முதலில் தந்த தலைப்பு ‘இருதய மருத்துவத்தில் புதிய அதிசயங்கள்’. அதை மாற்றித் தரும்படி கேட்டோம், அவரும் மனம் கோணாமல் சம்மதித்தார். ‘அதிசயம்’ என்ற சொல் எங்கள் துறைக்கு நிறையக் கெடுதல் செய்திருக்கிறது.

கடந்த சில வருடங்களாகக் கிளினிக்கில் ஒரே மாதிரியான குடும்பங்களைச் சந்திக்கிறோம். தகப்பனுக்குப் பெரிய மாரடைப்பு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். படி ஏற முடியாது. இரவில் மூன்று தலையணை அடுக்கி வைத்துத்தான் படுக்கலாம். எக்கோ அறிக்கையில் ஈ.எவ். 25 என்று எழுதியிருக்கும். அதாவது, இடது இதயவறையில் நிரம்பிய குருதியில் நான்கிலொரு பங்கைத்தான் ஒரு துடிப்பில் வெளியே தள்ள முடிகிறது. நல்ல இருதயம் பாதிக்கு மேல் தள்ளும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மகன் கைத்தொலைபேசிக்கு ஒரு விளம்பரம் அனுப்பியிருப்பார். சத்திரசிகிச்சை வேண்டாம், சொந்த மூலக்கலங்களை ஊசியால் ஏற்றினால் இருதயம் திரும்பவும் வளரும் என்று அதில் இருக்கும். கேட்கிற தொகை ஒரு காணியின் விலை. தாய் எங்களைப் பார்த்து, “காணியை விக்கலாம் எண்டு யோசிக்கிறம் டொக்டர், நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்று கேட்பார். பெரும்பாலும் அது அவருடைய சீதனக் காணியாகத்தான் இருக்கும்.

‘வேண்டாம்’ என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு சொல்லைக் கேட்டு எந்தக் குடும்பமும் நம்பிக்கையை விடாது, விடவும் கூடாது. அந்தத் தாய்க்கு ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லப் போகிறோம்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு முடியுருநாடி ஞாபகம் இருக்கும். உடல் முழுவதற்கும் குருதியை அனுப்பும் இருதயம் தனக்கு வேண்டிய குருதியை அந்த நாடிகள் வழியாகத்தான் பெறுகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 இலட்சம் தடவை துடிக்கிற தசை அது, ஓய்வு என்பதே இல்லை. நாடி அடைபட்டால் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே தசைக் கலங்கள் இறக்கத் தொடங்கும். அடைப்பை எடுக்காவிட்டால் இறப்பு மணிக்கணக்கில் பரவிக்கொண்டே போகும். பெரிய மாரடைப்பு ஒன்றில் சுமார் 100 கோடி கலங்கள் அழிந்துபோகின்றன.

அழிந்த இடத்தில் சில வாரங்களில் தழும்பு உருவாகிறது. தழும்பை எதிரியாக நினைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் சுவரே கிழிந்துவிடும். ஆனால் தழும்பு சுருங்காது. பக்கத்தில் மிஞ்சியிருக்கிற தசை இரண்டு பேரின் வேலையைச் செய்ய வேண்டும். நாளடைவில் அறை விரிந்து, சுவர் மெலிந்து, இருதயம் தளர்ந்த பை போலாகிறது. இதைத்தான் இருதயச் செயலிழப்பு என்கிறோம். இந்தப் பெயரைக் கேட்டவுடன் இருதயம் நின்றுவிட்டதாகப் பலர் பயப்படுகிறார்கள். நிற்கவில்லை, தேவைக்கு ஏற்ப வேலை செய்ய முடியாமல் திணறுகிறது, அவ்வளவுதான்.

கையை வெட்டிக்கொண்டால் தோல் வளர்கிறது. ஈரலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தாலும் ஈரல் வளர்கிறது. இருதயத்துக்கு மட்டும் என்ன வந்தது? நாங்கள் படித்த காலத்தில், பிறந்த பிறகு இருதயத் தசைக் கலங்கள் புதிதாக உண்டாவதே இல்லை என்றுதான் எழுதினோம், புள்ளியும் கிடைத்தது. அது முழு உண்மை அல்ல என்று தெரியவந்த கதை எங்களுக்கு மிகவும் பிடித்தது.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்தன. அதனால் காற்றில் காபன்-14 என்ற கதிர்வீச்சுக் காபனின் அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியது. 1963இல் வளிமண்டலப் பரிசோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்த பிறகு அது வருடாவருடம் குறைந்துகொண்டு வந்தது. அந்தக் காபன் பயிருக்குப் போய், சோற்றுக்கு வந்து, எங்கள் எல்லோருடைய உடலுக்குள்ளும் சேர்ந்தது. ஒரு கலம் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.யில் சேர்கிற காபன் பிறகு மாறுவதில்லை. ஆகவே ஒரு கலத்தின் டி.என்.ஏ.யில் எவ்வளவு காபன்-14 இருக்கிறது என்று அளந்தால் அது எந்த வருடத்தில் பிறந்தது என்று சொல்லலாம். குண்டு போட்டவர்கள் அறியாமலே ஒவ்வொரு கலத்துக்கும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எழுதிவிட்டார்கள். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவகத்தில் யோனாஸ் பிரிசேனின் குழு இறந்தவர்களின் இருதயங்களில் இதை அளந்து 2009இல் முடிவை வெளியிட்டது. 25 வயதில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒரு கலம் புதிதாகிறது. 75 வயதில் அது நூற்றுக்கு அரையிலும் சற்றுக் குறைவு. ஒரு முழு ஆயுளில் பாதிக் கலங்கள்கூட மாறுவதில்லை.

ஆக, இருதயம் தன்னைப் புதுப்பிக்கிறது, ஆனால் ஒரே காலையில் 100 கோடியை இழந்தவருக்கு அந்த வேகம் எந்த மூலைக்கும் காணாது. வரிக்குதிரை மீன் என்ற சின்ன மீனின் இதயவறையில் ஐந்திலொரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். பிறந்து ஒரு நாளான சுண்டெலிக் குஞ்சுக்கும் அந்த ஆற்றல் உண்டு, ஏழாம் நாள் அது போய்விடுகிறது. ஏன் போகிறது என்பது இன்றும் பல ஆய்வுகூடங்களில் சூடான கேள்வி. அதற்குள் போனால் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

தானாக வளராவிட்டால் நாங்கள் கொண்டுபோய் வைக்கலாமே என்ற எண்ணம்தான் கலச் சிகிச்சை. பரிஸில் பிலிப் மெனாஷே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு நோயாளியின் தொடைத் தசையிலிருந்து கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, பைபாஸ் சத்திரசிகிச்சையின்போது தழும்புக்குள் ஏற்றினார். தசைக்குத் தசை என்பது நியாயமான யோசனைதான். ஆனால் கைகால் தசையும் இருதயத் தசையும் ஒன்றல்ல. இருதயக் கலங்கள் ஒன்றோடொன்று மின் தொடர்பு வைத்து ஒரே தாளத்தில் சுருங்குகின்றன. தொடைத் தசைக் கலங்களுக்கு அந்தத் தொடர்பு கிடையாது. எங்கள் விளையாட்டுப் போட்டி அணிநடையில், நடுவரிசையில் சிலர் வேறு தாளத்துக்கு நடந்தால் எப்படி இருக்கும்? மெனாஷேயே தலைமை தாங்கிய ஒழுங்கான பரிசோதனையின் முடிவு 2008இல் வெளிவந்தது. இருதயத்தின் பலம் எதிர்பார்த்தபடி கூடவில்லை, துடிப்பு ஒழுங்கீனம் பற்றிய கவலை கூடியது. தன் சொந்த யோசனையைத் தானே பரிசோதித்து, பலிக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதிய அந்த மனிதரில் எங்களுக்குப் பெரிய மரியாதை. அவர் துறையை விட்டும் ஓடவில்லை. மூளாய மூலக்கலங்களிலிருந்து உருவாக்கிய இருதய முன்னோடிக் கலங்களை பைபிரின் ஒட்டு ஒன்றில் பதித்து, 2014இல் முதலாவது நோயாளியின் இருதயத்தில் வைத்தவரும் அவரே. அந்த நோயாளி 68 வயதுப் பெண்.

மற்ற வழி இவ்வளவு கௌரவமாக முடியவில்லை.

2001இல் பியெரோ அன்வேர்சாவின் குழு ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டது. சுண்டெலியின் என்புமச்சைக் கலங்களைப் பழுதடைந்த இருதயத்தில் ஏற்றினால் அவை இருதயத் தசையாக மாறுகின்றன என்பது அதன் சாரம். உலகமே துள்ளியது. எலிக் கட்டுரையின் மை காயுமுன்பே மனித நோயாளர்களுக்கு என்புமச்சைக் கலங்களை ஏற்றத் தொடங்கினார்கள். பிறகு, இருதயத்துக்குள்ளேயே மூலக்கலங்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துப் பெருக்கித் திருப்பி வைக்கலாம் என்றும் அதே குழு சொன்னது. 2004இல் வேறு இரண்டு குழுக்கள் அதே ‘நேச்சர்’ சஞ்சிகையில், செய்து பார்த்தோம், என்புமச்சைக் கலங்கள் இருதயத் தசையாக மாறவில்லை என்று எழுதின. அந்தக் குரல் கேட்டும் கேளாமலும் போய்விட்டது. நல்ல செய்திக்கு இருக்கிற கால் கெட்ட செய்திக்கு இருப்பதில்லை.

பிறகு மெல்ல மெல்ல நூல் பிரிந்தது. 2014இல் அந்தக் குழுவின் ஒரு கட்டுரை மீளப்பெறப்பட்டது. 2017இல் அவர் பணியாற்றிய பொஸ்ரன் வைத்தியசாலையின் நிர்வாகம், பொய்யான தரவுகளைக் காட்டி ஆய்வு நிதி பெற்றதாக எழுந்த வழக்கைத் தீர்க்க அமெரிக்க அரசாங்கத்துக்கு 1 கோடி டொலர் கட்ட உடன்பட்டது. 2018 ஒக்ரோபரில் ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியும் அந்த வைத்தியசாலையும் அவருடைய ஆய்வுகூடத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளை மீளப்பெறும்படி சஞ்சிகைகளைக் கேட்டன. தரவுகளில் புரட்டு இருந்தது என்பதே காரணம். அந்த அடிப்படையில் நடந்துகொண்டிருந்த ஒரு மனிதப் பரிசோதனை இடைநிறுத்தப்பட்டது. பதினேழு வருடங்கள்! அந்தப் பதினேழு வருடங்களில் எத்தனை நோயாளர் நெஞ்சைக் கொடுத்தார்கள், எத்தனை இளம் ஆய்வாளர்கள் இல்லாத ஒன்றைத் தேடி ஆயுளைக் கழித்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை. இங்கே முன்வரிசையில் இருக்கிற உயர்தர மாணவிகளுக்கு ஒன்று சொல்கிறோம். பரிசோதனைக் கூடத்தில் விடை புத்தகத்தோடு பொருந்தாவிட்டால் பக்கத்து மேசையைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதுகிற பழக்கம் சின்னப் பழக்கம் அல்ல.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. சில எலிகளில் உண்மையாகவே கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்ததே, அது எப்படி? சின்சினாற்றியில் ஜெப்ரி மொல்கென்ரினின் குழு இதை ஆராய்ந்து அண்மைக்காலத்தில் ஒரு விசித்திரமான விடையைக் கண்டது. உயிருள்ள கலங்களை ஏற்றினாலும் செத்த கலங்களை ஏற்றினாலும் எலிகளில் ஒரே அளவு முன்னேற்றம்தான். ஏற்றிய கலங்கள் இருதயமாகவில்லை. ஏற்றியதால் உண்டான அழற்சி, தழும்பின் தன்மையைக் கொஞ்சம் மாற்றியது. கைத்தொலைபேசி விளம்பரங்கள் இன்றும் விற்பது பெரும்பாலும் இந்த என்புமச்சை, கொழுப்பிழையக் கலங்களைத்தான். உங்கள் சொந்தக் கலம் என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. சொந்தம் என்பதற்காக அது இருதயமாகிவிடாது.

இனி ஒட்டுக்கு வருவோம். ஊசியால் ஏற்றிய கலங்களில் பெரும்பகுதி நிற்பதில்லை. துடிக்கிற இருதயம் அவற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும், மிஞ்சியவையும் ஒட்சிசன் இல்லாத தழும்புக்குள் அநேகமாக இறந்துபோகும். ஆகவே கலங்களை ஒரு துணியில் பதித்து, துணியை இருதயத்தின் மேற்பரப்பில் வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். அந்தத் துணிதான் உயிர்ப்பொருள் ஒட்டு.

எதனால் செய்வது? கபில நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கிற அல்ஜினேற்று, குருதி உறையும்போது வலைபோலப் படிகிற பைபிரின், தோலிலும் என்பிலும் இருக்கிற கொலாஜன், நண்டு இறால் கோதுகளிலிருந்து பெறும் கைற்றோசன் எல்லாம் பரிசோதிக்கப்பட்டிருக்கின்றன. கூழுக்கு நண்டு உடைத்துவிட்டுக் கோதை வேலிக்கரையில் எறிகிறோமே, அந்தக் கோதுதான். கலிபோர்னியாவில் கரென் கிறிஸ்மனின் குழு பன்றியின் இருதயத் தசையிலிருந்து கலங்கள் முழுவதையும் கழுவி எடுத்து, மிஞ்சிய சட்டகத்தைக் கூழாக்கி, 15 மாரடைப்பு நோயாளர்களில் ஏற்றி, பாதுகாப்பானது என்று 2019இல் அறிவித்தது.

பொருளைத் தெரிவது இலகு அல்ல. தையல் வகுப்பில் ஒட்டுப் போடப் பழகியவர்களுக்கு இது விளங்கும். கழுவாத புதுத் துணியைப் பழைய சேலையில் வைத்துத் தைத்தால் முதற் கழுவலிலேயே சுருங்கி இழுத்து, கிழிசலைப் பெரிதாக்கிவிடும். ஒட்டின் விறைப்பும் இழுபடும் தன்மையும் இருதயச் சுவரோடு ஒத்துப்போக வேண்டும். நாளுக்கு 1 இலட்சம் தடவை விரிந்து சுருங்க வேண்டும். வேலை முடிந்ததும் நஞ்சாகாமல் கரைந்துபோக வேண்டும். கலம் எதுவும் இல்லாமல், அல்ஜினேற்றை மட்டும் மாரடைப்புக்குப் பிறகு முடியுருநாடி வழியாக ஏற்றிப் பார்த்த ஒரு பரிசோதனையில் 303 நோயாளர் பங்குபற்றினார்கள். விலங்குகளில் அழகாக வேலை செய்த பொருள் அது. மனிதரில் உப்புநீர் ஏற்றியவர்களுக்கும் அதை ஏற்றியவர்களுக்கும் இடையில் பயனுள்ள வித்தியாசம் காணவில்லை.

யப்பானியர் வேறு வழியில் வந்தார்கள். டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தெருவோ ஒக்கானோ ஒரு வளர்ப்புத் தட்டைக் கண்டுபிடித்தார். 37 பாகை வெப்பத்தில் கலங்கள் அதில் ஒட்டி வளரும். வெப்பத்தை 32 பாகைக்குக் கீழே இறக்கினால் தட்டின் மேற்பரப்பு நீரை உறிஞ்சும், கலங்கள் கிழியாமல் ஒரே தாளாகக் கழன்று வரும். தோசைக் கல்லிலிருந்து தோசை பிய்யாமல் வருகிறதே, அந்த மாதிரி. இந்த முறையில் நோயாளியின் தொடைத் தசையிலிருந்து செய்த கலத்தாள் ஒன்றுக்கு 2015இல் யப்பான் அரசு நிபந்தனையோடு அனுமதி வழங்கியது. அந்த அனுமதிக்கு அடிப்படையாக இருந்தது 7 நோயாளரில் செய்த பரிசோதனை. பயன் உண்டென்று பின்னர் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 2024இல் நிபுணர் குழு பார்த்தது, பயன் நிரூபிக்கப்படவில்லை என்றது, உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் அதை வாங்கியவர்கள் ‘அரசாங்கம் அனுமதித்தது’ என்று நம்பித்தானே வாங்கியிருப்பார்கள்? முதலில் விற்றுவிட்டுப் பிறகு நிரூபிக்கும் இந்த முறை எங்களுக்கு உடன்பாடில்லை. துறையில் எங்களோடு ஒத்துப்போகாதவர்களும் இருக்கிறார்கள்.

உண்மையான திருப்பம் ஷின்யா யமனாக்காவிடமிருந்து வந்தது. 2006இல் சுண்டெலியிலும் 2007இல் மனிதரிலும், சாதாரண தோற் கலத்துக்குள் நான்கு பரம்பரையலகுகளைச் செலுத்தி, அதை மூளாயக் கலம் போன்ற நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஐ.பி.எஸ். கலங்களிலிருந்து உண்மையான இருதயத் தசைக் கலங்களை வளர்க்கலாம். தட்டில் அவை தாமாகவே துடிப்பதை முதன்முதலில் நுணுக்குக்காட்டியில் பார்த்த அன்று எங்களில் ஒருவர் சாப்பிடவே மறந்துவிட்டார். மற்றவருக்கு அந்தக் காணொளியை ஒரு நாளில் ஆறு தடவை அனுப்பியதும் உண்மை.

2020 ஜனவரியில் ஒசாக்காப் பல்கலைக்கழகத்தில் யொஷிக்கி சவாவின் குழு, சுமார் 10 கோடி ஐ.பி.எஸ். இருதயக் கலங்கள் கொண்ட தாள்களை முதல் நோயாளியின் இருதயத்தில் வைத்ததாக அறிவித்தது. தாளின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர், ஏறக்குறைய ஒரு தலைமயிர். ஏன் இவ்வளவு மெல்லிசு? குருதிக் குழாய் இல்லாத இழையத்துக்குள் ஒட்சிசன் அதற்கு மேல் அதிகம் ஊடுருவாது. தடித்தால் நடுவிலுள்ள கலங்கள் மூச்சுத் திணறிச் சாகும். ஆனால் இருதயச் சுவரின் தடிப்பு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர். மயிரளவு தாள் சுவருக்குப் பலம் சேர்க்கிறதா, அல்லது அது சுரக்கும் பதார்த்தங்கள் பழைய தசைக்கு உதவுகின்றனவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஜேர்மனியின் கேற்றிங்கனில் வொல்ஃப்ராம் சிமர்மனின் குழு தடிப்பான ஒட்டுக்கு முயன்றது. ஐ.பி.எஸ். இருதயக் கலங்களையும் அவற்றைத் தாங்கும் இணைப்பிழையக் கலங்களையும் கொலாஜன் கூழில் கலந்து, வளையங்களாக வளர்த்து, அவற்றைக் கோத்து ஒட்டாக்கினார்கள். முதலில் ரீசஸ் குரங்குகளில் வைத்தார்கள். ஆறு மாதம் வரை கலங்கள் நிலைத்து, சுவர் தடித்தது. கட்டி எதுவும் வளரவில்லை, துடிப்பும் குழம்பவில்லை. பிறகு 2021இல், கடுமையான செயலிழப்புள்ள 46 வயதுப் பெண் ஒருவருக்கு 40 கோடி கலங்கள் கொண்ட ஒட்டை வைத்தார்கள். மூன்று மாதத்தின் பின் அவருக்கு மாற்று இருதயம் கிடைத்தது. கழற்றிய பழைய இருதயத்தை வெட்டிப் பார்த்தபோது, ஒட்டிலிருந்த கலங்கள் உயிரோடு இருந்தன, அவருடைய சொந்தக் குருதிக் குழாய்கள் அதற்குள் வளர்ந்திருந்தன. இந்த முடிவு 2025 ஜனவரியில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்தது. அந்தச் சகோதரியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தன் இருதயத்தைத் திறந்து காட்டச் சம்மதித்த அவரால்தான், மனித இருதயத்தில் ஒட்டு உயிர் பிழைக்கும் என்பதை நாங்கள் நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்கிறோம்.

உயிர் பிழைப்பது வேறு, நோயாளியின் ஆயுளைக் கூட்டுவது வேறு. முதலாவது தெரிந்துவிட்டது, இரண்டாவது தெரியவில்லை. ஒட்டிலுள்ள கலங்கள் வேறொருவருடையவை என்பதால் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளையும் எடுக்க வேண்டும், அந்த மருந்துகளோடு தொற்றுப் பயமும் வரும். கலங்களை நேரே தசைக்குள் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை சியாற்றிலில் சார்ள்ஸ் மரியின் குழு 2014இல் குரங்குகளில் காட்டியது. தழும்பில் புதுத் தசை நன்றாக வளர்ந்தது, ஆனால் சில வாரங்களுக்கு இருதயத் துடிப்பு கண்டபடி குழம்பியது.

காணியை விற்கலாமா என்று கேட்ட தாய்க்கு எங்கள் பதில் இதுதான். அம்மா, ஒட்டு என்பது கட்டுக்கதை அல்ல, நல்ல கைகளில் வளர்ந்து வருகிற உண்மையான வேலை. ஆனால் இன்று காசு கொடுத்து வாங்கக்கூடிய சாமானாக அது விளம்பரத்தில் இல்லை. அந்த இடத்தாரிடம் சில கேள்விகள் கேளுங்கள். இது பதிவுசெய்த மருத்துவப் பரிசோதனையா? பரிசோதனை என்றால், பரிசோதிக்கிற சிகிச்சைக்கு நோயாளியிடம் ஏன் இவ்வளவு காசு கேட்கிறீர்கள்? எந்தக் கலம், எங்கிருந்து எடுத்தது, எத்தனை பேருக்கு ஏற்றினீர்கள், ஏற்றாதவர்களோடு ஒப்பிட்டீர்களா, முடிவை எந்தச் சஞ்சிகையில் வெளியிட்டீர்கள்? திரும்பி வந்த பிறகு துடிப்புக் குழம்பினால் யார் பொறுப்பு? இவற்றுக்கு எழுத்தில் பதில் வராவிட்டால் காணி உங்களிடமே இருக்கட்டும்.

காணியைவிட எங்களுக்குப் பயம் இன்னொன்றில்தான். ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்கள், இருதயம் வளர்ந்துவிட்டது என்று குளிசைகளை நிறுத்திவிடுகிறார்கள். இருதயச் செயலிழப்புக்கு இன்று நான்கு வகை மருந்துகள் சேர்த்துக் கொடுக்கிறோம். அவை ஆயுளைக் கூட்டுகின்றன என்பது ஆயிரக்கணக்கான நோயாளரில் திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்டது. பார்ப்பதற்குச் சாதாரண குளிசைகள், எந்தப் பத்திரிகையும் அவற்றைப் பற்றித் தலைப்புப் போடாது. மருந்துக்கும் கேட்காத நிலை வந்தால் மாற்று இருதயம் என்ற வழியும் நாட்டில் தொடங்கிவிட்டது. கண்டியில் 2017இல் முதலாவது இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. ஆனால் தானமாகக் கிடைக்கும் இருதயங்கள் மிகச் சில.

பெண்கள் கூடியிருக்கிற மண்டபம் என்பதால் ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போதும் பெரும்பாலும் நெஞ்சுவலி இருக்கும். ஆனால் அதோடு, அல்லது அது தெளிவாக இல்லாமலே, மூச்சு வாங்கல், ஓங்காளம், நாடி வலி, முதுகு வலி, காரணமில்லாத பெரும் களைப்பு, வேர்வை என்று வருவது ஆண்களைவிட அதிகம். நாங்கள் என்ன செய்கிறோம்? “வாய்வு” என்கிறோம். இஞ்சியும் உள்ளியும் போட்டு அவித்துக் குடிக்கிறோம். சமையல் முடியட்டும், பிள்ளை ரியூசனால் வரட்டும், அவர் வேலையால் வரட்டும் என்று இருக்கிறோம். தகப்பனை வாகனம் பிடித்து ஓடோடிக் கொண்டுவருகிற அதே வீட்டில், தாய் அடுத்த நாள் பின்னேரம் தானே பஸ்ஸில் ஏறி வருகிறார். அதற்குள் 100 கோடியும் போய்விடும். ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடம்தான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த நான்கு இலக்கங்களையும் குசினி அலுமாரிக் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள். இருதயத்தில் வைக்கிற எந்த ஒட்டும் இதற்கு ஈடாக இன்னும் வரவில்லை.

மருத்துவப் பரிசோதனைகளில் பெண்கள் குறைவு என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. இருதயச் செயலிழப்புப் பரிசோதனைகள் பலவற்றில் நான்கு பேருக்கு ஒருவர்தான் பெண். மருந்தின் அளவுகளும் பக்க விளைவுகளும் பெரும்பாலும் ஆண்களின் உடலில் அளந்தவை. பேசும்போது இரண்டு பெண் நோயாளர்களைப் பெயர் இல்லாமல் குறிப்பிட்டோம், ஒருவர் பரிஸில், மற்றவர் ஜேர்மனியில். அவர்கள் பெண்களாக இருந்தது தற்செயல்தான். உயிரியல் பிரிவில் இருக்கிற தங்கைமார் பல்கலைக்கழகம் போய் ஒரு நாள் இப்படியான பரிசோதனையைத் திட்டமிடும்போது, முதல் நாளே பெண் நோயாளர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கணிதப் பிரிவுத் தங்கைமாரும் எழும்பிப் போக வேண்டாம். துடிக்கிற ஒட்டைக் கட்டுவதற்கு உயிரியல் தெரிந்தவர்களைவிட, இழுவிசை, வெப்பம், பரவல் விளங்கிய பொறியியலாளர்கள்தான் எங்களுக்கு இப்போது கூடத் தேவைப்படுகிறார்கள்.

தலைவி அவர்கள் மணிக்கூட்டைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் தாளில் எழுதி மாணவத் தலைவியரிடம் கொடுங்கள், பெயர் எழுத வேண்டியதில்லை. வீட்டிலுள்ளவர்களின் எக்கோ அறிக்கை கொண்டு வந்தவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு விலங்கியல் கூடத்துக்கு வரலாம். பின்னேரம் நான்கு மணிவரை நாங்கள் இருவரும் அங்கே இருப்போம்.